கோப்பு வரும், மொழியும் வருமா?

பாலக்காட்டுச் சித்தூரிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழர் பெருந்தொகையாய் வாழ்கின்றனர். சான்றிதழ் ஒன்று பெறத் தோட்டத் தொழிலாளி ஒருநாள் கூலியை இழந்து தாலுக்கா அலுவலகம் சென்ற காலம் உண்டு. 2002இல் மலப்புரத்தில் தொடங்கிய அக்ஷயா மையங்கள், பின்னர் மாநிலமெங்கும் பரவி, மனுக்களை ஊரிலேயே பெற்றன. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அலுவலர் பலர் இல்லத்திலிருந்தே கணினியில் கோப்புகளைப் பார்த்தனர்.

ஆயினும், எதிரில் அலுவலர் நின்றால் அரைகுறை மலையாளத்திலேனும் குறையை உரைக்கலாம். கணினித் திரையிடம் அவ்வாறு உரைக்க இயலுமோ? தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே மனுச் செய்து, தமிழிலேயே மறுமொழி பெறக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. கோப்பே பயணம் செய்யும் இக்காலத்தில், சித்தூரிலுள்ள தமிழறிந்த எழுத்தர் மூணாற்று மனுவையும் பார்க்கலாமன்றோ? அலுவலர் எங்கிருப்பினும் ஆகுக. மக்களின் மொழி அவருடன் இருத்தல் வேண்டும். பிற மாநிலங்களில் வாழும் நாம் வேண்டுவதும் அதுவே.