பழைய லயமும் நம் காணி உறுதியும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கம்பளைப் பக்கம், பழைய பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய லயக் காம்பராக்களைத் திருத்தி, 2007இல் அதை அமைத்தார்கள். போன மாதம் பாடசாலைப் பிள்ளைகளோடு நாங்கள் அங்கே போய் வந்தோம்.

1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். தேயிலைக்கு முன்னோடி என்றால் அந்த ஒரு பெயர்தான். காட்டை வெட்டி, கான் வெட்டி, ரோட்டுப் போட்டவர்கள் யார்? மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக்கு நடந்தே வந்த நம் பாட்டன் பூட்டிமார். வழியிலேயே செத்து விழுந்தவர்கள் எத்தனையோ பேர். மிஞ்சியவர்கள் வாழ்ந்த வீடு எப்படி இருந்தது என்று பார்க்க இந்த லயத்துக்குத்தான் போக வேண்டும்.

உள்ளே வீட்டுச் சாமான்கள், வேலைக் கருவிகள், மேளதாளங்கள், பழைய படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இது எங்க வீடு மாதிரியேதானே இருக்கு. இதப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

கேள்வி சரிதானே, தோழர்களே? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா அங்கே காட்சிப் பொருள். நம்மில் பலருக்கு இன்றும் அதுதான் குசினி, அதுதான் படுக்கை, அதுதான் பிள்ளை படிக்கும் இடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1948இல் நம் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். பிறகு விண்ணப்பம் போட்டவர்களிடம் பிறப்புக்கும் குடியிருப்புக்கும் அத்தாட்சி கேட்டார்கள். தாள் இல்லாதவர்கள் தவித்தார்கள். 1964இல் இரண்டு அரசாங்கங்கள் நம்மைக் கேட்காமலே நம்மைப் பங்கு போட்டன. இன்று காணி தருகிறோம் என்கிறார்கள். அதற்கு உறுதி கேட்டு நிற்கும்போது நம் கையில் தாள் இருக்க வேண்டும்.

ஆகவே வீட்டில் கிடக்கும் பழைய துண்டு, பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, கடிதம், படம் எதையும் எரிக்க வேண்டாம். கிளைக் கமிட்டியிடம் கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அசலை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். தாத்தா, அம்மாயி சொல்வதைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதி வைக்கட்டும்.

லயம் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். நமக்குச் சொந்தக் காணியும், அதில் ஒரு வீடும், நம் பெயரில் உறுதியும் வேண்டும்.