ஆசியப் பங்குச் சந்தைகள்: பணம் போடும் முன் மூன்று கேள்விகள்

(குடிகாடு நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் கவுன்டரில் இருந்த காலத்தில் ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு வட்டி எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். இப்போது நம் தெருவிலேயே, “ஜப்பான் பங்கு வாங்கலாமா? ஹாங்காங் ஃபண்ட் எப்படி?” என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. தைவானின் டிஎஸ்எம்சி, கொரியாவின் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ், ஜப்பானின் டொயோட்டா போன்ற கம்பெனிகளின் பங்குகள் நம் நாட்டுச் சந்தையில் பட்டியலில் இல்லை. அவற்றின் வளர்ச்சியில் பங்கு வேண்டுமென்றால் வெளிச் சந்தைக்குத்தான் போக வேண்டும். போகும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, எவ்வளவு காலம் காத்திருக்க முடியும்? 1989 டிசம்பர் 29 அன்று ஜப்பானின் நிக்கெய் குறியீடு 38,915 புள்ளிகளில் முடிந்தது. அந்த உயரத்தை அது மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்று. இடையில் 34 ஆண்டுகள்! 60 வயதில் பணிக்கொடையை மொத்தமாக அங்கே போட்டிருந்தால், இடையில் வரும் டிவிடெண்டைத் தவிர, முதலுக்காக 94 வயது வரை காத்திருக்க வேண்டும். ஜப்பானில் நல்ல கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. வாங்கிய விலைதான் அளவுக்கு மிஞ்சியது.

இரண்டாவது, பணம் எந்த நாணயத்தில் இருக்கிறது? 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் பாட் நாணயத்தைச் சந்தை விலைக்கு விட்டது. அதுவரை ஒரு டாலருக்குச் சுமார் 25 பாட். அடுத்த ஜனவரியில் 50-ஐத் தாண்டியது. பங்கு விலை அசையாமல் இருந்திருந்தாலும் வெளிநாட்டார் போட்ட பணம் பாதியாகியிருக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு. 2000-ல் சுமார் 25 ரூபாயாக இருந்த சிங்கப்பூர் டாலர் இப்போது 60 ரூபாய்க்கு மேல். சிங்கப்பூரில் பிள்ளைகள் வேலை செய்யும் வீடுகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சேமிப்பில் சிறு பகுதி வேறு நாணயத்தில் இருப்பது நல்லதுதான்.

மூன்றாவது, போட்ட பணம் திரும்பி வர வழி உண்டா? 1998 செப்டம்பரில் மலேசியா மூலதனக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சிங்கப்பூரில் ‘க்ளாப்’ என்ற தனிச் சந்தையில் மலேசியப் பங்கு வாங்கியிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றை விற்க முடியாமல் முடங்கினார்கள். கம்பெனிகள் அங்கேயே இருந்தன, வாசல்தான் மூடப்பட்டது. தீர்வு வர 2000 ஆகிவிட்டது.

இன்று நம் கைபேசிக்கே வேறு வாசல் வருகிறது. முன்பின் தெரியாத வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்து, வெளிநாட்டுப் பங்கு என்று ஒரு செயலியைத் தருவார்கள். அதில் லாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால், “முதலில் வரி கட்டுங்கள்” என்பார்கள். அந்தப் பணம் எந்தச் சந்தைக்கும் போகவே இல்லை. ஏமாந்தது தெரிந்ததும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

முறையான வழி செபியில் பதிவான மியூச்சுவல் ஃபண்ட். இவை அனைத்தும் சேர்ந்து வெளிநாட்டில் போட 700 கோடி டாலர் உச்சவரம்பு உண்டு. அதனால் சில ஃபண்டுகள் அவ்வப்போது புதுப் பணம் வாங்குவதை நிறுத்திவிடும். அப்போது சந்தையில் விற்கும் ஈடிஎஃப் யூனிட், அதன் உண்மையான சொத்து மதிப்பைவிட அதிக விலைக்குப் போகும். இரண்டையும் ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள்.

நம் நாடும் ஆசியச் சந்தைதான். தானே புயல் நம்மைத் தாக்கிய 2011 டிசம்பர் 30 அன்று சென்செக்ஸ் 15,455-ல் முடிந்தது. ஆண்டின் தொடக்கத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. கூரையும் தோப்பும் போய், கையில் காசு தேவைப்பட்ட அதே வாரத்தில் பங்கை விற்றவருக்கு இரட்டை நஷ்டம். ஆகவே மருத்துவத்துக்கும், புயல் வெள்ளத்துக்கும், இரண்டு வருட வீட்டுச் செலவுக்கும் வேண்டியதை வங்கியிலோ அஞ்சலகத்திலோ ஒதுக்குங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. பங்குச் சந்தையின் இறக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஒதுக்கியது போக, பத்து வருடம் தொட வேண்டாத பணம் மிஞ்சினால், அதில் ஒரு சிறு பங்கை மாதாமாதம் பிரித்துப் போடுங்கள்.