நீங்காச் சோர்வும் மாற்று மருந்தும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் வைத்திய விஷயம் பேச எழுந்தானே என்று நீங்கள் வியக்கலாம். காரியதரிசி அவர்கள் என்னை அழைத்தபொழுது பெரியபுராணத்தைப் பற்றிப் பேசவே இசைந்தேன். பின்னர், மூன்றாண்டுகளாக என் நெஞ்சில் முள்ளாய்க் கிடப்பதொன்றை நம்மவர் முன்னிலையிற் சொல்லிவிடுதலே தக்கதென்று தோன்றிற்று. அது தைராய்டுச் சுரப்புக் குன்றுதலாகிய நோயையும், மாத்திரை உண்டும் சோர்வு நீங்காதவர்கள் நாடும் மாற்று மருந்துகளையும் பற்றியதாகும்.

என் அக்காள் அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவள். நாற்பது வயதை அடுத்து அவள் உடல் பருத்தது; கூந்தல் கொத்தாக உதிர்ந்தது; சித்திரை வெயிலிலும் போர்வை கேட்டாள்; பகலெல்லாம் உறக்கம். வீட்டார் அதனைச் சோம்பல் என்றனர். வெட்கத்தோடு சொல்லுகின்றேன், யானும் அப்படியே எண்ணினேன். இரத்தத்தைச் சோதித்த பின்னரே தைராய்டுக் குறைவென்று தெரிந்தது. மாத்திரையால் ஆறு மாதத்துள் பெரும்பாலான துன்பம் நீங்கியது. ஆயினும் காலையில் எழவொட்டாத அயர்ச்சியும் மறதியும் மட்டும் போகவில்லை. மருத்துவரோ, "எண் சரியாக வந்துவிட்டது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அச்சமயத்திலேதான் என் பண்டிதச் செருக்குக் குறுக்கிட்டது. "அக்கா, அகத்தியர் உறைந்த பொதிகையின் அடியிலே பிறந்துவிட்டு, ஆயுள் முழுவதும் இங்கிலீஷ் மருந்தா?" என்றேன். தெரிந்தவர் ஒருவர் வாயிலாகப் பெயரும் குறிப்பும் இல்லாத சூரணப் பொட்டலம் ஒன்றை யானே வாங்கிக் கொணர்ந்தேன். அவள் மாத்திரையை நிறுத்தினாள். முதல் மூன்று வாரமும் குறையொன்றும் தோன்றவில்லை. "தம்பி, உன் மருந்து நன்றாய்க் கேட்கிறது" என்றாள். நான்காம் மாதத்தில் முகம் வீங்கிற்று, குரல் தடித்தது, நாடி மந்தித்தது, பெயர் சொல்லி அழைத்தாலும் விடை வரவில்லை. அத்தான் இரவோடிரவாகத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பிழைத்தாள். வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்தபொழுது, நோயாளியின் அருகிருந்து மருந்தளிப்பவனையும் ஒரு கூறாக வைத்தார். அவ்விடத்தில் நின்று யான் செய்த பிழை இது.

அந்த மூன்று வாரத்து மயக்கம் எங்ஙனம் வந்தது? மாத்திரையிலுள்ள தைராக்சின் உடலிற் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 7 நாளாகும். ஆகவே மாத்திரையை நிறுத்திய பின்னும் சில வாரம் பழைய கையிருப்பே உடலை நடத்தும். அதற்குரிய புகழைச் சூரணம் தட்டிக்கொண்டு போகின்றது! புதிய மருந்து உடனே குணம் தந்ததாகச் சொல்வாருட் பலர் இக்கணக்கை அறியார்.

தைராய்டு என்னும் பெயர் கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. கழுத்தின் முன்புறமுள்ள இச்சுரப்பி, உடலின் உலை எரியும் வேகத்தை ஆள்வது. சோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். எண் ஏறியிருந்தால் தைராய்டு மிகுந்துவிட்டதென நம்மவர் பலர் மயங்குகின்றனர். பாளையங்கால்வாயின் கடைமடைக் குடியானவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் நீர் குறையக் குறைய அவர் கூக்குரல் உயரும்; நீர் வந்து நிறைந்தால் அடங்கும். டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி தைராய்டை நோக்கி எழுப்பும் குரல். சுரப்புக் குறைந்தால் எண் ஏறும்.

உப்பில் அயோடின் இல்லாமையே இதற்குக் காரணம் என்பாரும் உளர். இமயச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கி டாக்டர் இராமலிங்கசாமி முதலியோர் செய்த ஆராய்ச்சி, அயோடின் உப்பினால் கழலை நோய் குறையுமென மெய்ப்பித்தது. 2006 முதல் அயோடின் சேராத உப்பை நேரே உண்பதற்கு விற்றல் நாடெங்கும் தடுக்கப்பட்டது. ஆகவே இன்று நம் வீடுகளில் காண்பது பெரும்பாலும் வேறு. உடலின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையென்று கருதி அழிக்கின்றது. 1912-இல் ஹாஷிமோட்டோ என்னும் ஜப்பானிய மருத்துவர் விவரித்த நோய் அது. இந்நிலையில் கடற்பாசிப் பொடியை வாங்கியுண்டு அயோடினைப் பெருக்கினால் நோய் வளரவுங்கூடும்.

மாத்திரையை அந்நிய நஞ்சென்று யான் இகழ்ந்தேனே, அதன் வரலாற்றைப் பின்னரே படித்தேன். 1891-இல் இங்கிலாந்தில் மர்ரே என்பவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு மாதுக்குச் செலுத்தினார்; அம்மாது மேலும் 28 ஆண்டு வாழ்ந்தார். 1914-இல் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டன், பார்ஜர் இருவரும் அதனைச் செயற்கையாக ஆக்கினர். நம் கழுத்திலே சுரக்கும் பொருள் எதுவோ அதுவே மாத்திரையிலும் உள்ளது. 100 மைக்ரோகிராம் மாத்திரையில் உள்ள மருந்து ஓர் அரிசியின் எடையில் இருநூற்றில் ஒரு பங்களவே. சுரப்பி அழிந்த பின் வெளியிலிருந்து இடும் படி அது.

எனினும், எண் சரியாகியும் சோர்வு நீங்காதவர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை உளர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களை நோக்கி, "எல்லாம் மனப்பிரமை" என்று கூறுதல் கொடுமை. அவர்களே மாற்று மருந்தைத் தேடுகின்றனர், தேடுதல் குற்றமுமன்று.

அங்ஙனம் தேடுவோர் காண்பன சிலவற்றைச் சொல்வேன். தைராக்சினோடு டி-3 என்னும் மற்றொரு சுரப்பையும் சேர்த்துக் கொடுத்தால் நலமென்று 1999-இல் ஓர் ஆய்வு கூறிற்று. பின்வந்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை அதனை உறுதிசெய்யவில்லை. பன்றியின் சுரப்பியை உலர்த்திய பொடியை அமெரிக்காவில் இன்றும் சிலர் உண்கின்றனர். அதில் டி-3 மனிதச் சுரப்பியில் உள்ளதைவிட மிகுதி. ஆதலின் நெஞ்சு படபடக்கும். நம் அமுக்கராக் கிழங்கை 2018-இல் 50 பேரிடம் 8 வாரம் சோதித்ததில் எண் சற்றே நலம்பெற்றது. ஆனால் அவர்கள் மிக மெல்லிய குறைவுடையோர். மேலும், அமுக்கரா சிலருக்குச் சுரப்பை மிகுவித்ததும் கல்லீரலை வருத்தியதும் உண்டு. மந்தாரைக் குடிநீரைச் சித்த மருத்துவர் தருகின்றனர். அது மாத்திரைக்கு ஈடாக நிற்குமெனப் பெரிய ஆய்வெதுவும் நிறுவவில்லை. யோகாசனம் உடலுக்கு இனிது; அழிந்த சுரப்பியை அது மீட்பதில்லை.

அக்காள் கதைக்கு மீள்கின்றேன். மருத்துவமனையினின்று திரும்பி மாத்திரையைத் தொடங்கிய பின்னும், அளவை இருமுறை உயர்த்தியும், எண் இறங்கவில்லை. அப்பொழுது அவளைப் பார்த்து உண்மை கண்டவர் பாளையங்கோட்டையிற் பயின்ற ஒரு சித்த மருத்துவரே. 1964-இல் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி தோன்றிய ஊரன்றோ அது! அவர் நாடி பார்த்தார், கண்ணிமையைக் கீழே விலக்கி வெளுப்பைக் கண்டார், பிறகு, "அம்மா, காலையில் எதெதனை எப்போது உண்கிறீர்கள்?" என்றார். வயிற்றெரிச்சலுக்குச் சங்கு பற்பம், சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம், தைராய்டு மாத்திரை மூன்றையும் விடியலில் ஒரே மடக்காகக் காப்பியோடு விழுங்குவதாகச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். சங்கிலே சுண்ணச்சத்து, அன்னபேதியிலே இரும்பு. இரண்டும் குடலில் தைராக்சினைப் பற்றிக்கொண்டு இரத்தத்திற் சேரவொட்டா. காப்பியும் அதற்குத் துணை. "மாத்திரையை வெறுந்தண்ணீரில் உண்ணுங்கள், ஒரு மணி கழித்துக் காப்பி, என் மருந்துகளையெல்லாம் நான்கு மணி கழித்து" என்றார். மாத்திரையை நிறுத்தச் சொல்லவேயில்லை. இரும்புச்சத்தும் பி-12-உம் சோதிக்கச் சொன்னார், இரண்டும் தாழ்ந்திருந்தன. அவற்றை நிரப்பிய மூன்றாம் மாதத்தில் அக்காள் தாமிரபரணிக்குத் தனியே நடந்து சென்று நீராடி வந்தாள்.

ஆதலின் சோர்வு நீங்காதவர்கள் முதலிற் கேட்கவேண்டியது, மாத்திரை உள்ளே செல்கின்றதா என்பதே. அடுத்துச் சோகை, பி-12, குறட்டையோடு கூடிய கெட்ட உறக்கம், மாதவிடாய் நிற்கும் காலம், மனத்துயர் இவற்றைப் பார்க்கவேண்டும். எந்த வைத்தியரிடம் சென்றாலும் மற்றவர் கொடுத்ததை மறைக்கலாகாது. அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே மீண்டும் சோதித்தல் வேண்டும்.

மறைத்தல் என்றதும் ஒன்று சொல்லியாகவேண்டும். நம்மவருள் பெண்ணுக்கு வரன் பார்க்கும்பொழுது இந்நோயை மறைக்கச் சொல்லும் தாய்மார் உளர். மறைத்த பெண் புக்ககத்தில் மாத்திரையைப் பெட்டியின் அடியில் வைத்து, ஆள் இல்லாதபொழுது உண்பாள்; பல நாள் உண்ணாமலும் விடுவாள். கருவுற்ற முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்வது தாயின் தைராக்சினைக் கொண்டே. அக்காலத்தில் மாத்திரையின் அளவைக் கூட்டவேண்டியிருக்க, இவளோ உள்ளதையும் விடுகின்றாள்.

அக்காள் மகளுக்கும் இக்குறைவு உண்டு. குடும்பத்தில் தொடரும் இயல்பினது இந்நோய். இவ்வாண்டு அவளுக்கு வரன் பேசியபொழுது முதற்பேச்சிலேயே சொல்லிவிட்டோம். ஒரு வீட்டார் சாதகம் பொருந்தவில்லை என்று விலகினர். மற்றொரு வீட்டில் பிள்ளையின் தாயார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தம் மாத்திரைப் புட்டியைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்து, "உங்கள் பெண் காலையில் எத்தனை மணிக்கு உண்கிறாள்?" என்று கேட்டார்.