யார் நிற்பது? யார் செல்வது?

தில்லியிலும் சண்டிகரிலும் வாழும் நம்மவர் ரவுண்டானாக்களை நன்கறிவர். பல திசை வண்டிகளும் வட்டத்துள் நுழையுமிடத்தில், "முதலிற் செல்ல வேண்டியவர் யார்?" என்னும் ஐயம் ஒரு நொடி எழுகின்றது. அந்த ஒரு நொடியே விபத்துக்கு வித்தாகின்றது.

பிரிட்டனில் இவ்வையம் ஒரு காலத்தில் பெருந்தொல்லை விளைத்தது. நுழைவோர் சுற்றுவோரை மறிக்க, வட்டம் முழுவதும் அசைவற்று நின்றுவிடும். வட்டத்துள் இருப்பவருக்கே முன்னுரிமை என 1966-இல் அங்கே விதி செய்தனர். சாலை அகலவில்லை; ஐயம் அகன்றது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் இதனையே கூறுகின்றன.

விடுமுறைக்குக் கொச்சியில் இறங்கி, மூணாறு வழியாகத் தேனிச் சீமைக்கு வருவோமாயின், இதே வினா மலைமீதும் நம்மை எதிர்கொள்கின்றது. மூணாறு முதல் போடிமெட்டு வரை ஏறத்தாழ 42 கிலோமீட்டர்ச் சாலை அகலப்படுத்தப்பெற்று, 2024 ஜனவரியில் திறக்கப்பெற்றது. ஏலத் தோட்டங்களினூடே வண்டி தடையின்றி ஓடுகின்றது. போடிமெட்டைக் கடந்ததும் நிலைமை மாறுகின்றது. போடிநாயக்கனூர்ச் சமவெளியை அடையுமுன் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அகன்ற சாலையில் விரைந்து பழகிய கால், வளைவுக்கேற்ப உடனே அடங்குவதில்லை.

இங்கே நிற்க வேண்டியவர் யார்? சாலை போதிய அகலமில்லாத இடத்தில், இறங்குபவரே ஓரமாக நின்று ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. பாரத்துடன் ஏறும் லாரி நடு வளைவில் நின்றால், மீண்டும் புறப்படுதல் அரிது. பின்னோக்கி உருளவும் கூடும். நீண்ட பேருந்து திரும்புகையில் அதன் பின்சக்கரங்கள் வளைவின் உட்புறமாக ஒதுங்கி வரும். அதன்பொருட்டே பொறியாளர் வளைவுகளில் சாலையைச் சற்றுக் கூடுதலாக அகலப்படுத்துகின்றனர். அந்த அகலம் திரும்புவதற்கு உரியது; முந்துவதற்கு உரியதன்று. ஏறுதற்கு எந்தக் கியரோ, இறங்குதற்கும் அதே கியர் என்பது மலையோட்டுநர் வழக்கு.

ஓட்டுநரை மட்டும் குறைகூறுதல் போதாது. அகன்ற சாலை முடியுமுன்னரே, வேகத்தைக் குறைக்கவும் வழிவிடவும் சாலையே நமக்குச் சொல்லுதல் வேண்டும். அதுவும் மலையாளம், தமிழ் ஆகிய இருமொழியிலும் சொல்லுதல் வேண்டும்.

தேனி மாவட்டப் பெண்கள் பலர், காலையில் ஏலத் தோட்ட வேலைக்கு ஜீப்புகளில் இம்மலை ஏறி, மாலையில் களைத்து இறங்குகின்றனர். நாம் வளைவில் ஒரு நொடி நின்றால், அவர்கள் நலமே வீடு சேர்வர்.