கலமும் கரையும் தாளும்

(நாமக்கல் வட்டாரத் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)

    

கடலைக் காணாத சமவெளியில் நின்றுகொண்டு கப்பலைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுட் சிலர் எண்ணலாம். கடலை நாம் காணாதிருக்கலாம். கடல் நம்மைக் கண்டுகொண்டுதான் இருக்கின்றது. நாமக்கல் முட்டை, நாற்பதடிக் குளிர்பெட்டகம் ஒன்றில் ஏறத்தாழ நாலே முக்கால் இலக்கம் என்னும் அளவில் அடுக்கப்பெற்று, ஓமனுக்கும் கத்தாருக்கும் பகுரைனுக்கும் கடல்வழியே செல்கின்றது. அந்தப் பெட்டகம் துறையில் காத்துக் கிடந்தால் இங்குள்ள பண்ணையாளன் நெஞ்சு துடிக்கின்றது. முட்டை இரும்பன்று, காத்திருக்காது.

சேலத்துச் சவ்வரிசித் தொழில் பிறந்ததும் கப்பலால்தான். கப்பல் வந்ததனால் அன்று, வாராது நின்றதனால். மலையா நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சவ்வரிசி, இரண்டாம் உலகப்போரால் தடைப்பட்டது. 1943 அளவில் சேலத்தார் மரவள்ளிக் கிழங்கின் மாவினின்று தாமே சவ்வரிசி செய்யத் தலைப்பட்டனர். கடலில் ஏற்படும் அசைவு கொல்லிமலை அடிவாரத்துக் கிழங்குக் காட்டையும் தொடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இத்தொடர்பு புதியதன்று. நொய்யற்கரைக் கொடுமணலில் மணிக்கற்களை அறுத்துப் பட்டை தீட்டியதையும் இரும்பு உருக்கியதையும் அகழாய்வு மெய்ப்பித்துள்ளது. கொங்கு நாட்டுப் பொருள் பாலைக்காட்டுக் கணவாய் வழியே மேலைக்கடல் துறைகளை அடைந்தது. அக்காலத்து முசிறி வணிகம் பற்றிய தாட்சுவடி ஒன்று இன்று வியன்னா நகரில் உள்ளது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினதான அச்சுவடி, எர்மப்பொல்லோன் என்னும் கலத்தில் வந்த சரக்கைக் கூறுகின்றது. கடன் முறியையும் கூறுகின்றது. சரக்கின் மதிப்பில் காற்பங்கு உரோமப் பேரரசுக்குச் சுங்கம். ஏற்றிய துறை நம்முடையது. எழுதிய மொழியோ கிரேக்கம்.

தோழர்களே! நான் இன்று சொல்ல வந்த செய்தி அதுவே. சரக்கு நம்முடையதாயிருக்கக் கலமும் கரையும் தாளும் பிறருடையனவாயிருந்தால், விலையின் கொழுவிய பங்கு பிறருக்கே போகும். இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது கலம். பண்டு மூட்டை மூட்டையாகத் தோளிற் சுமந்து கப்பலை நிரப்பினர். பல நாள் கப்பல் கரையிலேயே கிடக்கும். கிடக்கும் கப்பலுக்குச் செலவுண்டு, வருவாயில்லை. இந்நிலையை மாற்றியவர் அமெரிக்கரான மால்கம் மக்லீன். அவர் கப்பல் தொழிலில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். நம் நாமக்கல்லார் பலரைப் போலவே ஒற்றைச் சரக்குந்தோடு தொழில் தொடங்கியவர். 1956 ஏப்பிரல் 26ஆம் நாள் 'ஐடியல் எக்சு' என்னும் கப்பலில் 58 பெட்டகங்களை நியூவார்க்கிலிருந்து ஊசுட்டனுக்கு விடுத்தார். உதிரிச் சரக்கை ஏற்றத் தொன்னுக்கு 5.86 தாலர் செலவாகிய அக்காலத்தில், பெட்டகமாக ஏற்ற 0.16 தாலரே ஆயிற்று. உலக வணிகத்தின் நடையே மாறியது. தொலைவை இனிக் கல்லால் அளத்தல் வீண். கூலியால் அளத்தலே முறை என்றாயிற்று.

இன்று ஒரே கலம் 24,000 இருபதடிப் பெட்டகங்களைச் சுமக்கின்றது. கலம் பெருகப் பெருகப் பெட்டகத்திற்குரிய கூலி குறையும். ஆயின், அத்தகு கலம் கட்டவல்லார் மிகச் சிலரே. உலகப் பெட்டகக் கலங்களின் கொள்ளளவில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பங்கு பத்துக் குழும்புகளின் கையில் உள்ளது. அவற்றின் தலைமையகங்கள் செனீவாவிலும் கோபன்காகனிலும் மார்சேயிலும் சாங்காயிலும் உள்ளன. இந்தியாவின் வெளிநாட்டுச் சரக்கில் இந்தியக் கலங்கள் சுமப்பது பத்திலொரு பங்குக்கும் குறைவே. 2021ஆம் ஆண்டு, கொள்ளைநோய்க் காலத்தில், வெறும்பெட்டகம் கிடையாமல் ஏற்றுமதியாளர் அலைந்ததும், கப்பற்கூலி பன்மடங்கு ஏறியதும் உங்களுக்கு நினைவிருக்கும். பொருள் இருந்தது, வாங்குவார் இருந்தனர், சுமப்பவன் வைத்ததே விலையாயிற்று.

இரண்டாவது கரை. தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாயிற்று. சென்னையில் 1983இல் பெட்டக முனையம் திறக்கப்பெற்றது. இரண்டும் நமக்குப் பெருமை தருவனவே. ஆயினும், மிகப்பெருங் கலங்கள் நிறைசுமையோடு அணையப் பதினாறு மீட்டருக்கு மேற்பட்ட ஆழம் வேண்டும். அவ்வாழம் அங்கில்லாக் கரணியத்தால், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் நம் துணிப்பெட்டகங்கள் பல, சிறு கலத்தில் கொழும்புக்குச் சென்று அங்குப் பெருங்கலம் மாறுகின்றன. ஒருமுறை தூக்க வேண்டிய பெட்டகத்தை மும்முறை தூக்க வேண்டியுள்ளது, தூக்குந்தோறும் கூலி. அக்கூலியைத் தருபவன் யார்? அயல்நாட்டு வாங்குநன் தரமாட்டான். தன் விலையை முன்னரே சொல்லிவிடுகிறான். கப்பற்காரன் தரமாட்டான். ஈற்றில் அது இறங்கி வந்து அமர்வது கரூர்த் தறிக்காரன் தலையிலும் சேலத்து நெசவாளன் தலையிலுமே.

பழந்தமிழ் ஆய் வேளிரின் துறையாகிய விழிஞத்திற்கு 2024 சூலையில் முதற் பெருங்கலம் வந்தது; 2025 மே 2ஆம் நாள் அத்துறை முறையாகத் திறக்கப்பெற்றது. இயற்கை ஆழமுடைய கரை அது. கொழும்பு தேடிச் செல்லும் சரக்கில் ஒரு பகுதியையேனும் அது தடுத்து நிறுத்தும். ஆழமுள்ள கரை எங்குள்ளதோ அங்கே கலம் வரும் என்பதை நம் கண்முன்னரே அது காட்டிவிட்டது.

மூன்றாவது தாள். இதுதான் நாம் எண்ணாத இடம். கடல்வணிகத்தில் விற்கும் முறை இரண்டு. கப்பலில் ஏற்றுமட்டும் நம் பொறுப்பு என்பது ஒன்று. அயல்துறையில் சேர்ப்பிக்குமட்டும் நம் பொறுப்பு என்பது மற்றொன்று. முதன்முறையில் விற்றால் எந்தக் கப்பல், என்ன கூலி என்பதை வாங்குநனே முடிவு செய்வான். நம்மவர் பலர் விற்கும்போது முதன்முறையிலும், வாங்கும்போது இரண்டாம் முறையிலும் ஒப்பமிடுகின்றனர். இருமுறையும் கப்பலைத் தெரிவு செய்யும் உரிமையை அயலானிடமே விட்டுவிடுகின்றனர். கப்பற்சரக்குச் சான்றைப் பற்றிய 1856ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டம் இந்நாட்டில் 2025இல்தான் மாற்றப்பெற்றது. அச்சான்றின் பின்புறத்துப் பொடியெழுத்தைப் படித்தறிந்த பண்ணையாளர் நம்முள் எத்தனை பேர்? படியாமல் இட்ட ஒப்பம், எதிரிக்குக் கொடுத்த திறவுகோலாகும்.

இம்மூன்றையும் ஒருங்கே உணர்ந்த தமிழர் வ.உ.சிதம்பரனார். 1906இல் சுதேசிக் கப்பற் குழும்பைத் தோற்றுவித்துக் கலியா, இலாவோ என்னும் கலங்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். எதிர்க் குழும்பு கட்டணத்தை ஓர் உருபாவாகக் குறைத்தது. பின்னர் இலவயமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தது. 1908இல் அப்பெருமகனார் சிறை சென்றார்; குழும்பும் சில ஆண்டுகளில் கலைந்தது. அவர் துணிவில் குறைவில்லை. இழப்பைத் தாங்கும் முதலும் அரசின் துணையும் எதிரிக்கு இருந்தன, நம்மவர்க்கு இல்லை. தனியொருவர் ஈகத்தால் தொடங்கியதை ஊர்கூடித் தாங்கவில்லை.

ஆகவே, செய்யத்தக்கன எவை? ஒரு பண்ணை தனியே பேசினால் கப்பற்காரன் செவி சாய்க்கான். நூறு பண்ணைகள் ஒரு கூட்டுறவாய் ஆண்டு முழுமைக்கும் பெட்டகம் பேசினால் அவனே தேடி வருவான். சவ்வரிசி ஆலையினர் 1981இல் சேலத்தில் கூட்டுறவு கண்டு இடைத்தரகரின் பிடியைத் தளர்த்தியது நம் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு. நாமக்கல் வழியாகச் சேலத்தையும் கரூரையும் இணைக்கும் தொடர்வண்டிப் பாதை 2013இல் திறக்கப்பெற்றது. பெட்டகங்களை அதன்வழியே துறைக்கு விடுக்கவும், சுங்க ஆய்வை இங்கேயே முடிக்கவும் ஏந்துகள் வேண்டுமென ஒரே குரலில் கேட்க வேண்டும். கடல்வணிகத் தாள்களை எளிய தமிழில் விளக்கும் கையேடு ஒவ்வொரு பண்ணையிலும் தறிக்கூடத்திலும் இருக்க வேண்டும். கட்டுமரம் என்னும் சொல்லை ஆங்கிலத்திற்கே ஈந்த மொழிக்கு இச்சொற்கள் கிட்டாமற் போகா. மேடையில் முழங்குதல் மட்டும் மொழிப்பணியாகாது. உழைப்பவன் தான் ஒப்பமிடும் தாளைத் தன் மொழியில் படித்தறியச் செய்வதும் மொழிப்பணியே.

ஒற்றைச் சரக்குந்தோடு தொடங்கிய ஊர் இது. திருச்செங்கோட்டு ஆழ்துளைப் பொறிகளை நாடெங்கும் செலுத்திய நிலம் இது. சாலையை வென்றவர்க்குக் கடல் ஒன்றும் எட்டாததன்று. கூடுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், கணக்குக் கேளுங்கள். சரக்கு நம்முடையது, அதன் விலையிலும் நம் பங்கு நமக்கு வரட்டும்.