குழியை மூடிய பிறகு



தலைமை வகிப்பவன் நெடுநேரம் பேச வேண்டும் என்ற சம்பிரதாயம் எனக்கு அவ்வளவு உடன்பாடானதன்று. ஆயினும், புதைபொருள் ஆராய்ச்சியையே ஜீவனோபாயமாகக் கொள்ள விரும்பிப் பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு விஷயத்தை மாத்திரம் மனம்விட்டுச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எந்தக் கிராமத்தில் நாம் முளையடித்து நூல் கட்டினாலும், பொழுது சாய்வதற்குள் யாராவது ஒருவர் வந்து, "புதையல் ஏதாவது அகப்பட்டதுங்களா?" என்று கேட்காமல் போவதில்லை. அகப்படுபவை பெரும்பாலும் பானையோடுகள். அவற்றைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உட்புறத்தில் கறுப்பு மசியால் குழி எண்ணையும் மண்ணடுக்கின் எண்ணையும் பொடியெழுத்தில் எழுதி, விளிம்புத் துண்டுகளைத் தனியே பிரித்து, ஒவ்வொன்றாக அளந்து வரைவதிலேயே நம் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. சம்பளமோ முதுகுவலித் தைலத்துக்குத்தான் காணும்.

ஆனால் அந்த ஓடுகள் எவ்வளவு தூரம் கூட்டிச்செல்லும் என்பதற்குப் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு சாட்சி. 1944-இல் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைமைப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்து அலமாரியொன்றில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடியின் உடைந்த பாகத்தைக் கண்டு, அது வந்த இடத்தை விசாரித்துக்கொண்டே புதுச்சேரிக்குப் போய், அங்கே இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் செந்நிறப் பாண்டத் துண்டுகளையும் பார்த்துவிட்டு, 1945-இல் அரிக்கமேட்டை அகழ்ந்தார். அப்பாண்டங்களின் காலம் ஏற்கெனவே தெரிந்திருந்தபடியால், அவற்றின் துணைகொண்டு அங்கே கிடைத்த உள்நாட்டு ஓடுகளுக்கும் காலம் கணிக்க முடிந்தது. பிறகு 1947-இல் மைசூர்ப் பிரதேசத்துப் பிரம்மகிரியில் பெருங்கற்காலச் சவக்குழிகளின் காலத்தை ஆராய்ந்தபோது அதுவே பிடிமானமாயிற்று.

இவற்றையெல்லாம்விட நான் வியப்பது, அரிக்கமேட்டை அகழ்ந்த மறுவருஷமே, 1946-இல், படங்களோடும் அடுக்குகளின் வரைபடங்களோடும் அவர் அறிக்கையைப் பிரசுரித்ததைத்தான். பின்னாளில் விமலா பெக்லி முதலிய ஆய்வாளர்கள் அங்கே மீண்டும் அகழ்ந்து, வீலரின் கால நிர்ணயம் பிந்தியது என்று வாதிட்டார்கள். அவ்வாறு வாதிடுவதற்கு முதலில் ஓர் அறிக்கை அச்சில் இருக்க வேண்டுமல்லவா? ஒருமுறை வெட்டிய மண்ணை மறுமுறை யாரும் வெட்ட இயலாது. அறிக்கை எழுதாமல் அகழ்வதைவிட அந்த மேட்டை ஆடு மாடுகளுக்கே விட்டுவிடலாம்.

இதைச் சொல்ல எனக்கு முழு யோக்கியதை உண்டென்று எண்ண வேண்டாம். இளமையில் ஓர் ஆற்றங்கரை மேட்டில், மழைக்கு முன் முடித்துவிடும் அவசரத்தில், ஓடுகளில் எண் எழுதாமல் காகிதச் சீட்டுகளை மாத்திரம் கூடைகளில் போட்டு வைத்தேன். இரவு மழையில் சீட்டுகள் யாவும் கூழாயின. மறுநாள் எங்கள் குழியில் மண்வெட்டி பிடித்த முதியவர் ஒருவர், ஓட்டில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்து, "இது சாம்பமண்ணு, தம்பி, மூணாம் நாளு எடுத்தது" என்று இரண்டு கூடைகளை இனம் பிரித்துக் கொடுத்தார். மற்ற ஒன்பது கூடைகளும் இன்றுவரை எந்த அடுக்குக்கும் சொந்தமில்லாமல் கிடக்கின்றன.

முதல் அமர்வில், நெடுநாட்களுக்கு முன் மூடப்பட்ட ஒரு குழியின் அறிக்கையை வாசிக்க ஓர் இளைஞர் காத்திருக்கிறார். அவர் வாசித்து முடிக்கும்வரை இந்த மேஜைமணியை அடிப்பதில்லை என்று உறுதி கூறி, அவரை அழைக்கிறேன்.