கேஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

(தில்லை நகரில் குடியிருப்போர் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



அக்னி நட்சத்திர நேரத்தில் தில்லை நகர் மெயின் ரோட்டில் கார் ஓட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். ஏ.சி. போட்டு கால் மணி நேரம் ஆகியும் காருக்குள் புழுக்கம் போகாது. உடனே நாம் என்ன சொல்வோம்? "கேஸ் தீர்ந்துபோச்சு போல. போட்டுட்டா சரியாயிடும்." இந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. அப்பாவுக்கு வாரம் 2 நாள் டயாலிசிஸ். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி தில்லை நகர் வரவேண்டும். சிகிச்சை முடிந்து திரும்பும்போது ரொம்பவே சோர்ந்திருப்பார். அந்த நேரம் பார்த்து கார் ஏ.சி. குளிர மறுத்தது. ஒரு பட்டறையில் காட்டினோம். "கேஸ் கம்மி" என்றார்கள், போட்டார்கள். சாயங்காலம், பெரிய ஸ்டாண்ட் ஃபேனை காருக்கு முன்னால் வைத்துச் சோதித்தபோது ஜில்லென்று இருந்தது. 3 வாரத்தில் பழைய கதை. மறுபடியும் கேஸ், மறுபடியும் பணம். இரண்டு தடவையும் பில் கிடையாது.

ஒருநாள் மதியம் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம். அப்பாவுக்குத் தலைசுற்றி வியர்த்துவிட்டது. வண்டியை நிழலில் ஓரங்கட்டி, கதவைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்சம் தெளிந்ததும் அவரே சொன்னார்: "ஏம்மா, வண்டி ஓடுறப்ப நல்லாத்தான் குளிருது. நின்னாத்தான் குளிரலை."

அந்த ஒரு வாக்கியத்தில் நோயே தெரிந்துவிட்டது. வேறொரு பட்டறையில் இதை அப்படியே சொன்னோம். 10 நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள். கண்டென்சர் ஃபேனின் மோட்டார் ஓடவில்லை. தேவைக்கு மேல் கேஸ் ஏற்றியிருந்ததால் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது.

காரணம் எளிமையானது. காருக்குள் இருக்கும் வெப்பத்தை கேஸ் எடுத்துக்கொண்டுபோய், முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சர் வழியாக வெளியே விடுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர வைக்கும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்யவேண்டும். பட்டறையில் அன்றைக்கு வேலை செய்தது எங்கள் கார் ஃபேன் இல்லை. அவர்களுடைய ஸ்டாண்ட் ஃபேன்!

டாக்டரிடம் போனால் "எப்ப வலிக்குது, எங்க வலிக்குது"ன்னு கேட்பார் இல்லையா? அதேபோல, பட்டறைக்குப் போகும் முன் நீங்களே இவற்றைக் கவனியுங்கள். போனில் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்று: முதல் 5, 10 நிமிடம் மட்டும்தான் பிரச்சினையா? அப்படியானால் அது பழுதே இல்லாமல் இருக்கலாம். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். சீட், டேஷ்போர்டு எல்லாம் சூடாகியிருக்கும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். சூடான காற்று போனதும் கண்ணாடியை ஏற்றி, உள்காற்றே சுற்றும் பட்டனைப் போடுங்கள்.

இரண்டு: காற்றே குறைவாக வருகிறதா? கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பல கார்களில் இது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். தூசி அப்பியிருந்தால் மாற்றினால் போதும், சின்னச் செலவு.

மூன்று: ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகிறதா? எங்கள் வீட்டுக் கதைதான். ஃபேன் ஓடுகிறதா, கண்டென்சரில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கையை விட்டுப் பார்க்காதீர்கள். அந்த ஃபேன் திடீரென்று சுழலும்.

நான்கு: முதலில் நன்றாகக் குளிர்ந்து, போகப் போகக் காற்று குறைந்து, சிறிது நேரம் ஏ.சி.யை அணைத்துப் போட்டால் சரியாகிறதா? உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது என்று சந்தேகப்படலாம்.

ஐந்து: காற்று நன்றாக வருகிறது, ஆனால் நின்றாலும் ஓடினாலும் குளிர்ச்சி இல்லையா? அப்போதுதான் கேஸ், கம்ப்ரஸர், ஹீட்டர் பக்கம் காற்றைத் திருப்பும் தட்டு ஆகியவற்றைச் சந்தேகிக்கவேண்டும்.

இப்போது கேஸ் விஷயத்துக்கு வருவோம். அது பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. பல வருடங்களில் ஹோஸ், இணைப்புகள் வழியாகக் கொஞ்சம் கசியலாம். ஆனால் சில வாரத்திலேயே குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

நம் பணம் மட்டும் போகவில்லை. பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், 100 ஆண்டுக் கணக்கில், அதே எடை கார்பன்-டை-ஆக்சைடைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். இந்த வகை வாயுக்களைக் குறைக்க 2016இல் உருவான கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றது.

ஆகவே பட்டறையில் இந்த 3 கேள்விகளைக் கேளுங்கள். "கசிவு எங்கேன்னு பார்த்தீங்களா?" "போடுறதுக்கு முன்னாடி வேக்யூம் எடுப்பீங்களா?" "எத்தனை கிராம் போடப்போறீங்க?" எந்த கேஸ், எவ்வளவு எடை என்பது பெரும்பாலும் பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். இன்றைக்கே அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சந்தோஷமாகக் காட்டுவார்.

கடைசியாக, பில். நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். செய்த வேலைக்கு பில் தராமல் இருப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. செலவு மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் கேஸின் பெயர், கிராம், உத்தரவாதம் எல்லாம் இருக்கட்டும். பேசியும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் புகார் தரவேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் கையில் பில் இல்லாவிட்டால் நம் பக்கத்தை நிரூபிப்பது கஷ்டம்.

இன்னொரு வேண்டுகோள். "ஏ.சி. ஓடுதே, 2 நிமிஷம்தானே" என்று குழந்தையையோ, வயதானவரையோ நிறுத்திய காருக்குள் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஏ.சி. நின்றுவிட்டால் உள்ளே சூடு மளமளவென்று ஏறும்.

எங்கள் கார் இப்போது சிக்னலில் நின்றாலும் குளிர்கிறது. அப்பா முன் சீட்டில் தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்கிறார். அதற்கு ஆன செலவு, வீணாகப் போட்ட 2 கேஸுக்குக் கொடுத்த பணத்தைவிடக் குறைவு. அடுத்த முறை ஏ.சி. மக்கர் பண்ணினால், "கேஸ் போடுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். "இப்ப குளிருது, இப்ப குளிரலை" என்று ஆரம்பியுங்கள்.